மூன்று பேர் உட்கார ஒரு படகு

ஏனுங்க,

கல்யாணமான நாளிலிருந்து உங்களை அப்படித்தான் கூப்பிட்டேன். நீங்கள் இல்லாத வீட்டிலும் நாக்கு வேறொன்றுக்குப் பழகவில்லை. நேற்றுகூடக் குக்கரை இறக்கிவிட்டுக் கூடத்தைப் பார்த்து, "ஏனுங்க, சாப்பிட வாங்க" என்று சொல்லிவிட்டேன். டி.வி.யில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தவர்தான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

இன்றைக்கு உங்களோடு படகைப் பற்றிப் பேச வேண்டும்.

படகு வாங்கினவர் என்றால்தான் நம் கணபதிப் பக்கத்தில் இன்னமும் உங்களை அடையாளம் தெரிகிறது. நம் ஊரில் கடல் கிடையாது. நொய்யல் ஆற்றில் தண்ணீர் வந்தால் அதைப் பார்க்கவே ஆட்கள் வண்டி கட்டிக்கொண்டு போவார்கள். இப்பேர்ப்பட்ட ஊரில் லேத்துப் பட்டறை வைத்திருந்தவருக்குப் படகு எதற்கு என்று எத்தனை பேர் என்னைக் கேட்டார்கள் தெரியுமா? எனக்கே பதில் தெரியாதபோது நான் என்ன சொல்வேன்?

தொண்ணூறுகளின் நடுவில் அது. நம் ஒரே மகள் சுதா பிளஸ் டூ முடித்து, மருத்துவ நுழைவுத் தேர்வில் மதிப்பெண் போதாமல், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட வருஷம். இன்னொரு தடவை எழுதட்டும் என்று நீங்கள் முடிவு செய்துவிட்டீர்கள். அவளைக் கேட்கவில்லை. சாப்பாட்டுக்கு வருவாள், தட்டைப் பார்ப்பாள், போய்விடுவாள். நீங்கள் பேச்சுக் கொடுத்தால் அது தேர்வில் போய் முட்டும், குரல் உயரும், உடனே சட்டையை மாட்டிக்கொண்டு, "பட்டறையில வேலை கெடக்குது" என்று கிளம்பிவிடுவீர்கள். ஞாயிற்றுக்கிழமைகூட.

அப்போதுதான் ஏதோ ஒரு மிஷின் கம்பெனி கொடுத்த காலண்டர் பட்டறைக்கு வந்தது. ஒரு பக்கத்தில் சிவப்புப் படகில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம். அப்பா, அம்மா, பெண், மூவருமே பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மாதம் முடிந்தும் அந்தத் தாளை நீங்கள் கிழிக்கவில்லை. பட்டறை ஆட்கள் டீக்கடைக்குப் போய்த் தேதி கேட்டு வந்தார்கள்.

ஒருநாள் தோசையைப் பிய்த்துக்கொண்டே ஆரம்பித்தீர்கள்.

"அம்மிணி, நாமளும் ஒரு படகு வாங்கிப்போடலாம்."

"எதுக்குங்க?"

"ஞாயித்துக்கெழமையானா மூணு பேரும் போலாம். வேற எதுக்கு?"

"எங்கீங்க போறது? மொட்டை மாடித் தொட்டியிலயா?"

"சிறுமுகையில பங்காளி தோட்டத்துக்குக் கீழ அணைத் தண்ணி கடலாட்டம் நிக்குதில்ல? அங்க."

"எனக்கு நீச்சல் தெரியாதுங்க."

"மெதக்கறது படகோட வேலை. உன்ற வேலை சும்மா உக்காந்திருக்கறது."

முதலில் பட்டறை டெம்போவில் மூவருமாகப் போய் ஒரு பரிசலைப் பார்த்தோம். சுதா டெம்போவைவிட்டு இறங்க மாட்டேன் என்றுவிட்டாள். பரிசல்காரர் துடுப்பை எடுத்தபோது அதைப் பிடுங்கிக்கொண்டு, "லேத்து ஓட்டறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?" என்றீர்கள். லேத்தில் இரும்பு சுற்றும். இங்கே நாம் சுற்றினோம். நீங்கள் பலமாகத் துழாவத் துழாவ அது இன்னும் வேகமாகச் சுற்றியது. கரையிலிருந்து பரிசல்காரர் கையைக் குவித்துக்கொண்டு கத்தினார்: "ஏனுங்கண்ணா, அக்கட்ட போறீங்களா, இல்ல அங்கியே இருந்துக்கறீங்களா?" நான் கண்ணை மூடிக்கொண்டு மருதமலை முருகனுக்கு மொட்டை நேர்ந்துகொண்டேன். என் தலையை அல்ல, உங்கள் தலையை.

அடுத்து பாலக்காட்டுப் பக்கம் ஒரு மர வள்ளம். நல்ல நீளம், எண்ணெய் பூசிப் பளபளவென்று இருந்தது. உங்களுக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. வீட்டுக்கு வந்து கயிறு பிடித்து அளந்த பிறகுதான் அது நம் சந்தில் திரும்பாது என்று தெரிந்தது. "எதிர்த்த ஊட்டுச் சமையக்கட்டு வழியா நீட்டித் திருப்பிக்கலாமுங்க" என்று நான் கேலிக்குச் சொன்னேன். நீங்கள் நிஜமாகவே போய்க் கேட்டுவிட்டு வந்தீர்கள். அந்த வீட்டம்மா என்னோடு மறுபடி பேசத் தீபாவளி வர வேண்டியிருந்தது.

மூன்றாவதாகத்தான் போத்தனூர் ஜோசப். ஃபைபரில் தண்ணீர்த் தொட்டி செய்கிறவர். அவரிடம் ஒரு ஒற்றையாள் படகு இருந்தது. முழுக்க மூடி, நடுவில் மட்டும் ஆள் உட்கார ஒரு ஓட்டை. காலை உள்ளே நீட்டி, இடுப்பை அந்த ஓட்டையில் இறக்கி, இரண்டு பக்கமும் அலகு வைத்த துடுப்பால் தள்ள வேண்டும். காயாக் என்று பெயர் சொன்னார்.

"வால்பாறை எஸ்டேட்ல ஒரு தொரை உட்டுட்டுப் போனதைப் பாத்து அச்செடுத்ததுங்கண்ணா. தண்ணியில அம்பாட்டம் போகும்."

"நீ இதுல போயிப் பாத்தியா?"

"எனக்குத் தண்ணின்னா பயமுங்க."

இந்த நேர்மை உங்களுக்குப் பிடித்துப்போனது. அங்கேயே, ஜோசப்பின் முற்றத்து வெறுந்தரையில், அதற்குள் இறங்கினீர்கள். கால் போயிற்று. தொடை போயிற்று. இடுப்பு போகவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு ஓர் அழுத்து அழுத்தினீர்கள். டப்பென்று ஒரு சத்தம். உட்கார்ந்துவிட்டீர்கள்.

வெளியே வருவதுதான் முடியவில்லை. ஜோசப் உங்கள் கைகளைப் பிடித்து இழுத்தார். நீங்கள் படகிலிருந்து வரவில்லை. படகோடு சேர்ந்து வந்தீர்கள். அப்படியே முற்றத்தில் கால்வாசி சுற்றி, கோழிக் கூண்டு வரைக்கும் போயிற்று ஊர்வலம். "பாருங்கண்ணா, தண்ணியில்லாமயே எப்பிடி ஓடுது!" என்று ஜோசப் பெருமைப்பட்டார்.

அப்போது என் பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது. டெம்போவிலிருந்து எப்போது இறங்கினாள் என்று தெரியவில்லை. சுதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். நீங்கள் அந்த ஓட்டைக்குள் இருந்தபடியே கழுத்தைத் திருப்பி அவளைப் பார்த்தீர்கள். பிறகு ஜோசப்பிடம் சன்னக் குரலில் சொன்னீர்கள்.

"அவசரமில்லப்பா. மெதுவாவே இழு."

அன்றைக்குத்தான் எனக்குப் படகு எதற்கென்று புரிந்தது.

தேங்காயெண்ணெய் விட்டு உங்களை எடுத்த பிறகு சுதாதான் பேசினாள். எத்தனையோ நாளைக்கப்புறம் முழுசாக ஒரு பேச்சு. "அப்பா, இதுல நீங்க மட்டும் அக்கட்ட போயிருவீங்க. நானும் அம்மாவும் கரையில நின்னு டாட்டா காட்டறதுங்களா?" ஒரு செங்கல் துண்டை எடுத்துத் தரையில் வரைந்தாள். மேலே திறந்தது. அகலமானது, தட்டையான அடி, வேகம் வேண்டாம், அம்மா பயப்படாமல் உட்கார வேண்டும். உட்கார மூன்று பலகை. ஜோசப் தலையைச் சொறிந்துவிட்டு, "செஞ்சுபோடலாமுங்க" என்றார். கவிழ்ந்தாலும் முழுகாதபடி இரண்டு முனையிலும் காற்றுப்பெட்டி வைக்கச் சொன்னது நீங்கள். சிவப்புச் சாயம் ஜோசப்பிடம் இல்லை. தொட்டிக்குப் பூசும் கறுப்புதான் இருந்தது. அதனால் அதை டெம்போவில் ஏற்றிக்கொண்டு போன வழியெல்லாம், "ஏனுங்க, தொட்டிய ஏன் பாதியா அறுத்துப்போட்டீங்க?" என்று துக்கம் விசாரித்தார்கள்.

முதல் ஞாயிறு ஞாபகம் இருக்கிறதா? சுதா முன்னால், நீங்கள் பின்னால், நடுவில் நான், லாரி டியூப் ஒன்றை மாலைபோல் மாட்டிக்கொண்டு. கரை சின்னதாகிப் போனது. காற்றில்லை. அந்த அமைதியில், திரும்பிப் பார்க்காமலே சுதா சொன்னாள்.

"அப்பா, நான் மறுக்கா எழுத மாட்டேன். எனக்கு டாக்டர் வேண்டாம். விவசாயம் படிக்கறேன்."

"என்ன சொன்னே?" உங்கள் குரல் என் பிடரியில் அடித்தது. "என்றப்பன் கெணத்தத் தோண்டித் தோண்டியே செத்தாரு. அதுலிருந்து தப்பிச்சு வந்துதான் நான் லேத்துப் போட்டேன். நீ திரும்பி அதுக்குள்ளயே போயி உழுவியா?"

நீங்கள் எழுந்ததை நான் பார்க்கவில்லை. படகு சாய்ந்ததில் தெரிந்துகொண்டேன். பழக்க தோஷத்தில் சட்டையைத் தேடினீர்களோ என்னவோ. "உக்காருங்க!" என்று கத்தினேன் பாருங்கள், அப்படியொரு குரல் எனக்கு இருப்பது எனக்கே தெரியாது. கொக்கெல்லாம் பறந்தன. நீங்களும் உட்கார்ந்தீர்கள்.

"கரைக்குப் போயிப் பேசிக்கலாம்" என்றீர்கள்.

"கரைக்குப் போனா நீங்க பட்டறைக்குப் போயிருவீங்கப்பா."

சொல்லிவிட்டு அவள் துடுப்பை எடுத்து மடியில் குறுக்காக வைத்துக்கொண்டாள். நீங்கள் ஒற்றை ஆளாகத் துழாவினீர்கள். படகு வளைந்து வளைந்து, கரைக்கு நேர் எதிராக மூக்கைத் திருப்பிக்கொண்டு நின்றது. மூச்சு வாங்குவது கேட்டது. அப்புறம் துடுப்பைக் கீழே வைத்த சத்தம்.

"ஏங் கண்ணு, விவசாயம்?"

பதில் தெரிந்துகொள்வதற்காக அவளிடம் நீங்கள் கேட்ட முதல் கேள்வி அது. அவள் பேசினாள். மண்ணைப் பற்றி, விதையைப் பற்றி, உங்கள் அப்பாவின் கிணறுகள் ஏன் வற்றின என்பதைப் பற்றி. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தாள் என்று நமக்கு யார் சொன்னார்கள்? கடைசியில், "ரத்தத்தப் பாத்தா எனக்கு மயக்கம் வருதுப்பா. டாக்டரே படுத்துட்டா நோயாளிய ஆரு பாக்கறது?" என்றாள். என் முதுகுக்குப் பின்னால் உங்களுக்குச் சிரிப்பு வந்து, அதை இருமலாக மாற்றப் பார்த்தீர்கள். நான் தக்காளிச் சோற்று டப்பாவைத் தோளுக்கு மேலே நீட்டினேன். சாப்பிட்டுவிட்டுத் தண்ணீரில் கையை அலம்பினீர்கள்.

"செரி, படி. பின்னால என்னையக் கொற சொல்லாத. இப்பத் துடுப்பப் போடு, வெயில் மண்டையப் பொளக்குது."

இப்போதைய சேதி கேளுங்கள். சுதா அந்தியூர்ப் பக்கம் விதை கொடுக்கும் வேலையில் இருக்கிறாள். விவசாயிகள் அவளை "ஏனுங்கம்மிணி" என்று கூப்பிட்டு வரப்பில் நிறுத்தி யோசனை கேட்கிறார்கள். மாப்பிள்ளை நல்லவர், அவருக்கும் தண்ணீரென்றால் பயம். நீங்கள் போன பிறகு நாங்கள் யாரும் படகைத் தொடவில்லை. போன ஞாயிறு சுதா வந்து, "கெளம்புங்கம்மா" என்றாள்.

அவள் முன்னால் உட்கார்ந்தாள். நான் வழக்கம்போல் நடுவில். அங்கே உட்கார்ந்தால் உங்கள் முகம் எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை, குரல்தான் கேட்கும். அதனால் திரும்பிப் பார்க்காமல் இருந்த வரைக்கும் நீங்கள் பின்னால் இருப்பதாகவே நினைத்துக்கொள்ள முடிந்தது. ஆனால் படகு ஏமாறவில்லை. மூக்கு தண்ணீரில் அமுங்க, பின்பக்கம் மேலே தூக்கிக்கொண்டு நின்றது.

"மணல் மூட்டை ஏதாச்சும் வெக்கலாங்களாம்மா?" என்றாள் சுதா. அவளும் திரும்பவில்லை.

மூட்டையை வைக்கவா அந்த இடம்? நான் மெள்ளத் தவழ்ந்து போய் உங்கள் பலகையில் உட்கார்ந்தேன். படகு சமமாயிற்று. அங்கிருந்து பார்த்தால் முன்னால் இருப்பவர்களின் முதுகும் பின்னலும் தெரிகின்றன. இத்தனை ஞாயிறும் எங்களை இப்படித்தான் பார்த்துக்கொண்டு வந்தீர்களா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

துடுப்பைப் பிடிக்கத் தெரியாமல் நேராக நாணல் புதருக்குள் கொண்டுபோய்ச் சொருகிவிட்டேன். சுதா முடியில் ஒட்டிய நாணல் பூப் பஞ்சை எடுக்கவே பாதி மதியம் போயிற்று. வருகிற ஞாயிறும் போகிறோம். வளைக்காமல் நேராக ஓட்டப் பழகிக்கொள்கிறேன், இது சத்தியம். நீங்களே ஒருநாளும் நேராக ஓட்டியதில்லை என்பதை மட்டும் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
பின்பலகைக்கு வந்துவிட்ட
உங்கள் அம்மிணி