நிறுத்தப் பொத்தான் இல்லாத கடிகாரம்

7 ஜூலை, திங்கள்

எங்கள் சிங்கப்பூர் வாசிப்புக் குழுவின் நிகழ்ச்சி நிரல் வந்துவிட்டது. சிறப்பு விருந்தினர் முதலில், நான் கடைசியில். போன தடவையும் இப்படித்தான். அந்தக் காலத்து நாளிதழ்களில் பெண்கள் ஆசிரியருக்கு எழுதிய கடிதங்களை மாதக்கணக்கில் நூலகத்தில் தேடிப் படித்து, பத்து நிமிடத்துக்குச் சுருக்கி வைத்திருந்தேன். "நேரமின்மை காரணமாக..." என்று ருக்ஸானா ஒலிவாங்கியில் சொன்னாள். அவள் நெறியாளர், வேறென்ன சொல்வாள்? மண்டபத்தை ஒப்படைக்க வேண்டும். வடை வேறு வந்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், அன்று மணி அடிக்க வேண்டியவளும் நானேதான். முன்வரிசையில் உட்கார்ந்து, கைப்பேசியில் நேரம் பார்த்து, முடிந்ததும் மணியைத் தட்ட வேண்டும். தட்டும் முன் குழுத் தலைவர் அழகேசன் ஐயா கையை நீட்டி டைமரை நிறுத்தினார். "பெரியவர் பேசிட்டிருக்கார்மா. இன்னும் கொஞ்சம் விடு."

அந்தக் கொஞ்சத்தில்தான் என் பத்து நிமிடமும் போயிற்று.

இந்த முறையும் செய்தி போட்டிருக்கிறார்: "நிவேதிதா, மணி நீயே பாத்துக்கோ." சரி ஐயா என்றேன். பார்த்துக்கொள்கிறேன்.

9 ஜூலை, புதன்

"ஆன்லைன்ல ஆயிரம் டைமர் இருக்கு லா. நீ ஏன் கறுப்பு ஸ்கிரீன்ல போய் தட்டிட்டிருக்கே?" அண்ணன் வெங்கட்டுக்கு வங்கியில் மென்பொருள் வேலை. நான் கணினி நிரல் எழுத ஒரு மாலை வகுப்புக்குப் போய்வந்தவள்.

"எல்லாத்துலயும் நடுவுல நிறுத்துற பாஸ் பட்டன் இருக்கு."

"இருந்தா என்ன?"

"அதான் வேணாம்."

"கொண்டா, நான் எழுதித் தரேன். ரெண்டு நிமிஷ வேலை."

வேண்டாம் என்றேன். அவன் எழுதிக் கொடுத்தால் அது அவனுடைய கடிகாரம். யாராவது கேள்வி கேட்டால் நான் விழிக்க வேண்டும்.

எழுதியது இவ்வளவுதான்: நிமிடத்தைக் கேட்டு வாங்கு. வினாடியாக்கு. நிமிடம், வினாடி என்று காட்டு. ஒரு வினாடி தூங்கு. ஒன்றைக் குறை. பூச்சியம் வரும்வரை இதையே செய்.

ஓடியது! ஆனால் பத்துக்குப் பிறகு 90 என்றது. பிறகு 80, 70. விழுந்து விழுந்து சிரித்தான் வெங்கட். ஒன்பதைப் பத்தின் மேலேயே எழுதுகிறது, பத்தின் பூச்சியம் அழியாமல் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஒற்றை எண்ணுக்கு முன்னால் ஒரு பூச்சியம் சேர்த்தேன். 09. அடங்கியது.

13 ஜூலை, ஞாயிறு

"நேரம் முடிந்தது" என்று திரையில் வர வைத்தேன். கறுப்புத் திரைக்குத் தமிழ் தெரியவில்லை. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். தமிழ் நிகழ்ச்சியில் தமிழை உடைத்துக் காட்டுவதா? எடுத்துவிட்டேன். எண் மட்டும் போதும்.

அதைவிடப் பெரிய ஓட்டை மதியம்தான் தெரிந்தது. சாப்பாட்டு மேசையில் கடிகாரத்தை ஓட விட்டிருந்தேன். "தட்டு வைக்கிற இடத்துல என்னடி இது?" என்று அம்மா மடிக்கணினியின் மூடியைச் சாத்திவிட்டார். சாப்பிட்டு முடித்துத் திறந்தால், விட்ட இடத்திலேயே நிற்கிறது! ஒன்றுமே நடக்காத மாதிரி அங்கிருந்து எண்ணத் தொடங்குகிறது.

பாஸ் பட்டனே வேண்டாம் என்று எழுதினேன். மூடியே பாஸ் பட்டன்.

14 ஜூலை, திங்கள்

ஈசூனில் ரயில் ஏறியபோது பிடிபடவில்லை. இறங்குவதற்குள் பிடிபட்டது. இயந்திரத்தை எண்ணச் சொன்னதுதான் தப்பு. தூங்குகிற ஒன்று எப்படி எண்ணும்? எண்ண வேண்டாம். எந்த நேரத்தில் முடிய வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே குறித்துக்கொள்ளட்டும். பிறகு வினாடிக்கு ஒரு தடவை உண்மையான மணியைப் பார்த்து, மிச்சம் எவ்வளவு என்று சொன்னால் போதும். நடுவில் யார் தூங்கினாலும் முடிவு நகராது.

கூடவே ஒன்று சேர்த்தேன். முடிந்தபின் யாராவது ஒரு விசையைத் தட்டும்வரை டிங் டிங் என்றுகொண்டே இருக்கும்.

20 ஜூலை, ஞாயிறு

தேக்கா உணவுக் கடைகளில் குழுக் கூட்டம். பெரிய திரையில் கடிகாரம் ஓடும் என்று சொன்னேன். அழகேசன் ஐயா தேநீரைக் கீழே வைத்தார்.

"சிறப்பு விருந்தினர் முன்னாடி கடிகாரம் ஓட விடுறது மரியாதையாம்மா?"

"எனக்கும் அதேதான் ஓடும் ஐயா."

"நீ வேற, அவர் வேற."

"ரெண்டு பேருக்கும் நிமிஷம் ஒரே நீளம்தானே ஐயா," என்றாள் ருக்ஸானா, புரோட்டாவிலிருந்து தலையை எடுக்காமல்.

"சரி சரி, போடுங்க. பாத்துக்கலாம்."

நான் வேறயாம், அவர் வேறயாம். எப்படி வேற? வந்து ஒத்தாசை பண்றப்போ, நாற்காலி அடுக்குறப்போ, மணி அடிக்கிறப்போ எல்லாம் நான் குழுவுல ஒருத்தி. பேசுறப்போ மட்டும் வேறயா?

25 ஜூலை, வெள்ளி

மணியை எடுத்துப் போகப் போவதில்லை.

26 ஜூலை, சனி

சிறப்பு விருந்தினர் திரையைப் பார்த்ததும், "என்னம்மா, பாம் மாதிரி ஓடுது!" என்றார். சபை சிரித்தது. நல்ல மனிதர்தான். முதல் "இறுதியாக" நேரத்துக்குள்ளேயே வந்தது. அதன் பிறகு சிங்கப்பூருக்கு வந்த கதையைத் தொடங்கினார்.

அழகேசன் ஐயா குனிந்தபடியே என் மேசைக்கு வந்து, புன்னகையோடு மடிக்கணினியைச் சாத்தினார். திரை நீலமானது. "வயர் லூஸ் போல," என்று பின்னால் திரும்பிச் சொன்னார்.

வயர் லூஸா!

திறந்தால் எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள். திறக்காவிட்டால் வடை வந்துவிடும். இரண்டாவது "இறுதியாக". மூன்றாவது.

திறந்தேன்.

டிங். தொடக்கப் பாடலுக்காக மண்டபத்து ஒலிபெருக்கியை என் கணினியில்தான் செருகியிருந்தார்கள்; மறந்தே போனேன். டிங். திரை முழுக்கக் கடவுச்சொல் கேட்கிறது. பதற்றத்தில் தப்பாக அடித்தேன். டிங். மறுபடி அடித்தேன். 00:00, சுவர் அகலத்துக்கு. ஒரு விசையைத் தட்டினேன். அமைதி.

விருந்தினர் திரையைப் பார்த்தார், அழகேசன் ஐயாவைப் பார்த்தார். "ஏன்யா, என் டைம் முடிஞ்சிருச்சுன்னு ஒருத்தரும் சொல்லலியே?" சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்தார். அவ்வளவுதான். இத்தனை நாளும் சொல்ல வேண்டியது இவ்வளவுதானா?

என் முறை வந்ததும் எனக்கும் நேரம் வைத்துவிட்டு மேடையேறினேன். மூன்று கடிதங்களை வாசித்தேன். நாலாவதைப் படித்துக்கொண்டிருக்கும்போது டிங். வாக்கியத்தின் பாதியில் நிறுத்தினேன்.

"முடிங்க லா, பரவால்ல!" என்றார் பின்வரிசையில் ஒருவர்.

"நேரம் முடிஞ்சிருச்சு," என்று இறங்கி வந்து விசையைத் தட்டினேன்.

27 ஜூலை, ஞாயிறு

பாதி வாக்கியம் இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது. இருக்கட்டும்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

அடுத்த நிகழ்ச்சி நிரலில் என் பெயர் இரண்டாவது. நேரம் பார்ப்பவர் என்ற இடத்தில் அழகேசன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவரே அழைத்தார்.

"அந்தக் கறுப்பு ஸ்கிரீன்ல என்னம்மா தட்டணும்?"

"ஓட விட்டா நிமிஷம் கேக்கும் ஐயா. எண்ணைப் போட்டு என்டர் தட்டுங்க."

அதை ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "போன தடவை உனக்குப் பாதியில நின்னுருச்சு. உனக்கு மட்டும் கொஞ்சம் கூட வச்சுக்கவா?"

"வேணாம் ஐயா. எல்லாருக்கும் எவ்வளவோ அவ்வளவுதான்."

கடிகார நிரலை அவருக்கு அனுப்பிவிட்டேன். நாலாவது கடிதத்திலிருந்து தொடங்கப் போகிறேன்.