குட்டனைப் பூஜையில் வைத்துவிட்டேன், அக்கா

என் செல்ல அக்காவுக்கு,

நீ கண்ணை மூடி இரண்டு வருஷமாகிறது. நம் வலியசாலை அக்ரகாரத்தில் எல்லோரும் சௌக்கியம். எதிராத்து மாமி முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்டாள். இப்போது வம்புக்கு என்னைவிட வேகமாக வந்து சேருகிறாள்.

உன் பெண் ஜானுவைப் பற்றித்தான் எழுத வந்தேன். உனக்குத் தெரிந்த அதே திக்கல்தான். நீ போன பிறகு அது முற்றி, ஒன்பது வயசுக் குழந்தை மனிதர்களோடு பேசுவதையே நிறுத்திவிட்டது. பேச்சுப் பயிற்சி நிலையத்தில் ஆறு மாத இரவலாக ஒரு ரோபோ கொடுத்தார்கள். முழங்கால் உயரம், வெள்ளை உடம்பு, டிவியில் செய்தி வாசிக்கிற மாதிரி மலையாளம். ஜானு அதற்குக் குட்டன் என்று பெயர் வைத்தாள்.

அதனிடம் மட்டும் தமிழும் மலையாளமுமாகப் பேசினாள். ஏன் தெரியுமா? அவள் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டால், பச்சை விளக்கை எரியவிட்டுக்கொண்டு அது சும்மா காத்திருக்கும். நானோ? அவள் வாயைத் திறந்ததுமே மீதியை நானே சொல்லி முடித்துவிடுவேன், அதுவும் தப்பாக. தண்ணீர் கேட்க வந்தவளுக்குத் தயிர்சாதம் கிடைக்கும்.

"மெஷினோடயே பேசிண்டிருந்தா மனுஷாளோட எப்பப் பேசுவா?" என்றாள் எதிராத்து மாமி. பயிற்சி டீச்சருக்கும் அதே கவலை. குட்டன் திரும்பிப் போவதற்குள் வீட்டில் ஒருவரிடமாவது ஜானு ஒரு விஷயத்தை முழுசாகச் சொல்லியாக வேண்டும் என்றார். பெண்ணைப் பெற்ற அத்திம்பேர் காலண்டரில் நாள் எண்ண ஆரம்பித்தார். நானும்தான்.

இந்த லட்சணத்தில் சரஸ்வதி பூஜை வந்தது. நம் ஊர் வழக்கப்படி அஷ்டமி சாயங்காலமே புத்தகங்களை அடுக்கிய கையோடு, 'இதுவும் படிப்புச் சாமான்தானே' என்று குட்டனையும் ஸ்விட்சை நிறுத்தி, பக்கத்தில் உட்காரவைத்து, நெற்றியில் சந்தனம் இட்டுவிட்டேன். பூஜையில் வைத்ததை விஜயதசமி வரை தொடக்கூடாது என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது. இத்தனை புத்திசாலித் தம்பி உனக்கு எப்படி வாய்த்தான்?

ஜானு பார்த்தாள். அழவில்லை. மறுநாள் காலை நான் காபி குடித்துக்கொண்டிருந்தபோது எதிரே வந்து நின்றாள்.

"மாமா," என்றாள். அடுத்த எழுத்திலேயே நின்றுபோனாள்.

என் வாயில் நாலு வாக்கியம் தயாராக இருந்தது, அக்கா. நாக்கைக் கடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தேன். காபியில் ஆடை படிந்தது. சொல் துண்டு துண்டாக வந்தது. ஆனாலும் முழுசாக வந்தது.

"குட்டனுக்குத் தனியா இருந்தா பயமா இருக்கும் மாமா. தொட மாட்டேன். பக்கத்துல உக்காந்து பேசிண்டிருக்கட்டுமா?"

"பேசப்படாதுன்னு எந்த சாஸ்திரத்துலயும் இல்லைடி," என்றேன். எனக்கு எந்த சாஸ்திரமும் தெரியாது என்பது வேறு விஷயம்.

"நீங்களும் வாங்கோ. நீங்கதானே அதை வெச்சேள்."

இரண்டு பேரும் போய் உட்கார்ந்தோம். விளக்கு எரியாத குட்டனுக்கு அவள் தைரியம் சொன்னாள். நான் இட்ட சந்தனம் கோணல் என்றாள். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பி, பள்ளிக்கூடத்து வம்பெல்லாம் சொன்னாள். வம்பில் அவள் நம் வம்சம்தான், சந்தேகமே வேண்டாம்.

விஜயதசமி காலையில் அவளே ஸ்விட்சைப் போட்டாள். "சுகமாணோ, ஜானு?" என்று குட்டன் நலம் விசாரித்தது.

"ஒரு மினிட் குட்டா," என்றாள் உன் பெண். "மாமாகிட்ட பேசிண்டிருக்கேன்."

குட்டன் காத்திருந்தது. காத்திருக்கத்தான் அதற்கு நன்றாகத் தெரியுமே.

அடுத்த மாதம் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுத்துவிடுவோம், பயமில்லை. இனி அவள் பேச்சை நான் முடிக்க மாட்டேன், அக்கா. பஸ்ஸே போனாலும் சரி, அவளே முடிக்கட்டும். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் தம்பி,
ஜானுவின் மாமா