சர்க்கரை இல்லை, பிரஷரும் இல்லை

12 மார்ச் 2007, திங்கள்

இருநூற்றுப் பதினான்கு சிறுநீரக நோயாளிகளின் கேஸ் ஷீட்டையும் கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்தேன். டாக்டர் சாராள் கேட்டபடி பிரித்தாயிற்று: சர்க்கரையால் வந்தது, பிரஷரால் வந்தது, கல் அடைப்பு. மிச்சம் அறுபத்தொரு பேர். 'மற்றவை' என்று போட்டேன். போட்டதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. தெரியாது என்பதைத்தான் இப்படி எழுதுகிறோமா? புள்ளியியல் படித்தது இதற்கா?

15 மார்ச், வியாழன்

ஒத்துப்போகிறவர்களைத் தானாக ஒன்று சேர்க்கும் புரோகிராமில் அந்த அறுபத்தொரு பேரையும் போட்டேன் – வயது, எடை, ரத்தம், சிறுநீரில் புரதம், எல்லாம். முப்பத்தெட்டு பேர் ஒரே கொத்தாக வந்து விழுந்தார்கள். ஆண்கள். நாற்பத்தைந்துக்குள். சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, புரதமும் அதிகம் போகவில்லை. ஆனால் சிறுநீரகம் கெட்டுக்கொண்டே வருகிறது. ஊர் வேறு வேறு. வேலை மட்டும் எல்லோருக்கும் 'கூலி'.

என்ன கூலி?

19 மார்ச்

முப்பத்தெட்டில் ஒருவரான பரசுராமனை டயாலிசிஸ் அறையில் பிடித்தேன். திருப்பாச்சூர்க்காரர். பதினோரு வருஷமாகக் கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் உலையில் வேலை.

"வயல் கூலின்னு நெனச்சேன்ணா."

"நீங்களே கூலின்னு எழுதிக்கினீங்க. இன்னா வேலைன்னு யாரும்மா கேட்டாங்கோ?"

தண்ணீர் குடிப்பீர்களா என்றேன். "குடிச்சா ஒண்ணுக்குப் போவணும். உலைய உட்டுட்டு எங்க போறது? சாயந்தரம் ஒடம்பெல்லாம் வலி. கடையில வலி மாத்திரை ரெண்டு வாங்கிப் போட்டுக்கினு படுத்துருவேன்."

தினமுமா? தினமும்தானாம்.

வெக்கை, தண்ணீர் இல்லை, தினமும் வலி மாத்திரை: மூன்றும் சிறுநீரகத்துக்கு ஆகாது. என் தம்பி மணிகண்டனும் நாலு வருஷமாக அங்கேதான் உலை வேலை பார்க்கிறான்.

21 மார்ச்

எல்லோரையும் விசாரித்தாயிற்று. முப்பத்தெட்டில் இருபத்தொன்பது பேர் உலைக்காரர்கள். டாக்டரிடம் பட்டியலைக் காட்டினேன். "இது சந்தேகம்தான் செண்பகம், நிரூபணம் இல்ல. நம்மகிட்ட வர்றவங்க ஏற்கெனவே விழுந்தவங்க. இன்னும் விழாதவங்களப் பாக்கணும்." உலைக்காரர்களைச் சோதிக்க ஆஸ்பத்திரி நிர்வாகம் ஒப்பவில்லை. உலைக் கம்பெனிகள்தான் ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளை அனுப்புகின்றனவாம், 'மற்றவை'யே இருக்கட்டுமாம்.

மணியைச் சோதனைக்கு ரத்தம் கொடுக்கச் சொன்னேன். "பேஜாரு பண்ணாதக்கா. நல்லாத்தான கீறேன்?" மே மாதம் அவனுக்குக் கல்யாணம். ஆஸ்பத்திரிக்குப் போனது தெரிந்தால் கான்ட்ராக்டர் நிறுத்திவிடுவான் என்று பயம்.

2 ஏப்ரல்

மணி இன்றும் சோதனைக்கு வரவில்லை.

9 ஏப்ரல்

சண்டை. இன்னா சொல்லிப் புரிய வெக்கிறது இவனுக்கு! பரசுராமனுக்கு நாப்பத்தோரு வயசுதான்டா, வாரத்துக்கு ரெண்டு நாள் ஊசி குத்திக்கினு படுத்துக் கெடக்குறாரு – கத்தினேன். தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய்விட்டான்.

15 ஏப்ரல், ஞாயிறு

வந்தான்! கூட வேலை பார்க்கும் ஏழு பேரையும் கூட்டிக்கொண்டு. "நான் மட்டும் வந்தா கான்ட்ராக்டர் நோயாளிம்பான். எட்டு பேரு வந்தா மெடிக்கல் கேம்ப்புன்னு சொல்லிக்கலாம்க்கா." டாக்டர் தன் வீட்டு முன்னறையிலேயே ரத்தம் எடுத்தார்.

16 ஏப்ரல்

எட்டில் மூன்று பேருக்குக் கிரியேட்டினின், அதாவது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, ரத்தத்தில் கூடுதல். 1.2க்குள் இருக்க வேண்டும். மணிக்கு 1.9.

மற்ற ஏழு பேரையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டேன். அவன் பேரை அடிக்கக் கை வரவில்லை. எழுந்து போவதும் வந்து உட்காருவதுமாகவே பொழுது போயிற்று.

20 ஏப்ரல்

நிச்சயம் பண்ணின பெண் பூமிகாவிடம் மணியே போய்ச் சொல்லியிருக்கிறான். அவள் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்துவிட்டாள். "இது ரொம்பக் கெட்டதா அண்ணி?"

ஒளிக்கவில்லை. போனது முழுசாகத் திரும்பாமல் போகலாம். உலையையும் மாத்திரையையும் விட்டால் இதோடு நிற்கலாம் என்றேன். ரிப்போர்ட்டை மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

"அப்ப வேலைய உடச் சொல்லுங்க. கல்யாணத்த உடச் சொல்லாதீங்க."

1 ஜூலை, ஞாயிறு

மே மாசம் கல்யாணம் முடிந்தது. மணி இப்போது கூரியர் ஆபீசில். போன வாரம் அவனுக்குத் தனியாக எடுத்துப் பார்த்ததில் 1.6. சந்தோஷப்பட இன்னும் ஆறு மாசம் ஆகட்டும் என்கிறார் டாக்டர். உலைக்காரர்களைப் பற்றி டாக்டர் எழுதி வெளியிட்ட அறிக்கையில் என் பேரும் இருந்ததால் ஆஸ்பத்திரியில் என்னை நிறுத்திவிட்டார்கள்.

இன்று அந்த எட்டுப் பேருக்கும் இரண்டாம் சோதனை. காலை ஆறேகாலுக்குப் பூமிகாவும் நானும் போய்ச் சேர்ந்தோம். டாக்டர் வீட்டு கேட்டுக்கு வெளியே முப்பத்தொரு பேர் நிற்கிறார்கள். எட்டுப் பேர் போக, மிச்சப் பேர் கைகளிலும் உலைச் சூடு பட்ட தழும்பு; ஒருவரையும் எங்களுக்குத் தெரியாது.