வியாழக்கிழமை வைத்த கறி

பாகூர்,
சனிக்கிழமை.

அன்பு மகள் வெண்ணிலாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே நன்றாக இருக்கிறோம், போன தடவை அதை ஒப்புக்குச் சொன்னேன், இந்தத் தடவை மனதாரச் சொல்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் பிரான்ஸ் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். போனில் பேசினால் பக்கத்தில் இருக்கும் உன் அம்மாவுக்குக் கேட்கும், அவளைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். எழுதி முடித்ததும் எலக்ட்ரீஷியன் கலைவேந்தனை விட்டுப் போட்டோ எடுத்து உன் போனுக்கே அனுப்பச் சொல்கிறேன்.

வாயில் கட்டி எடுத்ததிலிருந்து அவள் எப்படி இருந்தாள் என்று உனக்கு முழுதாகச் சொல்லவில்லை. கெட்ட கட்டி இல்லை, புண்ணும் ஆறிவிட்டது, பேசப் பேச நாக்கு பழகிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் பேச்சு குழறுகிறது என்று வெட்கப்பட்டு அவள் வாயையே திறக்கவில்லை. நீ கூப்பிடும்போதெல்லாம் அம்மா தூங்குகிறாள் என்றேனே, எங்கே தூங்கினாள், எதிரில் உட்கார்ந்து வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். கஞ்சியும் அரை டம்ளரோடு சரி. கறி என்றால் எலும்பைக்கூட விடாதவள், மெல்ல முடியவில்லை என்று தட்டைத் தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். வளையல் முழங்கை வரைக்கும் ஏறியது. எனக்குப் பயமாகிவிட்டது வெண்ணிலா.

அப்போதுதான் பரண் மேல் கிடந்த உன் கரண்டுச் சட்டி ஞாபகம் வந்தது. போன வருஷம் நீ கொண்டுவந்த அந்த ஸ்லோ குக்கரை, நாள் முழுக்க வேகிற கறிக்கு யார் காத்திருப்பது என்று அவள்தான் பழைய புடவையில் சுற்றிப் போட்டாள். மெல்ல முடியாதவளுக்கு நார் நாராகப் பிரிகிற கறி கொடுத்தால் என்ன என்று வியாழக்கிழமை காலையில் கடைக்குப் போய் ஆட்டு முன்தொடையாக வாங்கி வந்தேன். இஞ்சி பூண்டு, சின்ன வெங்காயம், மல்லித்தூள், மிளகு துளி, வாய் எரியும் என்று மிளகாய் போடவே இல்லை. மூடியைத் தொறக்காதப்பா என்று நீ அன்றைக்குப் படித்துப் படித்துச் சொன்னாய். என்னால் முடியவில்லை. கரும்புக் கொல்லைக்குப் போனவன் பாதி வழியில் திரும்பி வந்து திறந்து பார்த்தேன். மத்தியானம் கரண்டு வேறு போய்ப் போய் வந்தது. ஆனாலும் பொழுது சாய்கிற நேரத்துக்கு எலும்பைப் பிடித்துத் தூக்கினால் கறி தானாகக் கழன்று சட்டியிலேயே விழுந்துவிட்டது. முள்கரண்டியால் பிய்க்க வேண்டும் என்றாய், நம் வீட்டில் முள்கரண்டி ஏது, விரலைச் சுட்டுக்கொண்டே பிய்த்து, அந்தச் சாற்றை விட்டுக் குழைந்த சோற்றில் பிசைந்து கொண்டுபோய் வைத்தேன். முதல் வாயை வெகுநேரம் அடக்கி வைத்திருந்தாள். அப்புறம் முழுங்கினாள். அப்புறம் தட்டைக் காலி செய்தாள். நான் வாசலுக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன். பேச்சு மட்டும் இல்லை.

அதற்கப்புறம் நான் செய்ததுதான் கூத்து. மறுநாள் வெள்ளிக்கிழமை என்பது கறி வாங்கும்போது என் புத்தியில் ஏறவில்லை. கறி ஆக்கிய இடத்தைக் கழுவாமல் உன் அம்மா விளக்கேற்ற மாட்டாள், அதனால் அன்று ராத்திரியே நானே இறங்கினேன். அடுப்படியைக் கழுவி மஞ்சள் தண்ணீர் தெளித்தாயிற்று. கறி பட்ட சாமான் எதையும் விடக்கூடாது என்கிற வேகத்தில், சட்டியை உட்கார வைக்கிற கரண்டுப் பெட்டியையும் ஒயரோடு தூக்கிப் போய், பிளக்கைப் பிடுங்குகிற அளவுக்கு அறிவு இருந்தது, பின்பக்கத் தொட்டியில் முக்கிப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம், "யோவ், இன்னாய்யா பண்ற? கரண்டு சாமானப் போயி யாராச்சும் தண்ணியில முக்குவாங்களா?" திரும்பினால் உன் அம்மா, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். சொல் குழறத்தான் செய்தது, ஆனால் எனக்கு எல்லாம் புரிந்தது. பதில் சொன்னால் நிறுத்திவிடுவாளோ என்று வாயைத் திறக்காமல் நின்றேன். அவள் நிறுத்தவில்லை. மாடு குடிக்கிற தொட்டியெல்லாம் கறி எண்ணெய் என்றாள். அடுத்து நான் உள்சட்டியில் குழாய்த் தண்ணீரைப் பிடிக்கப் போக, சூட்டோடு பச்சைத் தண்ணி ஊத்தினா வெடிச்சிப் போவும் என்று பிடுங்கிக்கொண்டாள். ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, வெந்நீரும் சோப்பும் விட்டு ஊற வைத்தாள், ஓரத்தில் கறுப்பாகப் பிடித்திருந்தது கொஞ்ச நேரத்தில் துணிக்கே வந்துவிட்டது. ஊறுகிற நேரம் பூராவும் எனக்குத்தான் அர்ச்சனை. கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு சந்தோஷமாக நான் திட்டு வாங்கியதில்லை.

நேற்று அவளே விளக்கேற்றினாள். கலைவேந்தன் பெட்டியைக் கழற்றி மாடியில் வெயிலுக்கு வைத்திருக்கிறான், நன்றாகக் காய்ந்த பிறகுதான் உயிர் இருக்கிறதா என்று தெரியுமாம். போனால் போகட்டும், நீ வேறு வாங்கி அனுப்பிவிடாதே. மண்சட்டியைத் தணலில் வைத்து இதைவிட நன்றாகப் பிரிய வைக்கிறேன் என்று அவள் சவால் விட்டிருக்கிறாள். நாளைக்கே கறிக்கு என்னை அனுப்புகிறாள்.

வேலை வேலை என்று வயிற்றைக் காயப்போடாதே. மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம், இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. நாளை சாயந்திரம் போன் செய், அம்மாவே எடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். காலையிலிருந்து அடுப்படியில் தனியாக உன் பேரைச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறாள், கடைசி எழுத்து இன்னும் சரியாக வரவில்லை. அவள் எப்படிக் கூப்பிட்டாலும் "என்னம்மா, கேக்கல" என்று மட்டும் சொல்லிவிடாதே. முதல் தடவையே "சொல்லும்மா" என்று சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா
தங்கவேல்