இடது பக்கக் கதவு

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று அக்கா ஜீப்பின் முன்விளக்கை உடைத்தாள்.

ஒரு பாறைமேல் நேராக ஏற்றினாள். பாறை நகரவில்லை. கண்ணாடி சிதறிய சத்தத்தில் நான் பதறி, "அக்கா, விளக்கு!" என்றேன். அவள் பின்னால் எடுத்தாள். அதே பாறைமேல் இன்னொரு முறை ஏற்றினாள்.

கைவிட்டுப்போன கல்குவாரி இது. ஞாயிறுகளில் சிலர் வண்டிகளோடு வந்து இங்கே மேடு பள்ளங்களில் ஏறி இறங்குகிறார்கள். அவர்களில் மூத்தவரை எல்லோரும் 'தகரம்' என்கிறார்கள். அவருடைய வண்டியில் தகரத்தைத் தவிர வேறெதுவும் மிச்சமில்லை. தொழிலில் பல் டாக்டர். வாரமெல்லாம் பிடுங்குகிறார், ஞாயிறு நொறுக்குகிறார். உடைந்த விளக்கைப் பார்த்துவிட்டு வந்து அக்காவிடம் கை குலுக்கினார்.

"முதல் ரத்தம் பாத்தாச்சு. இனிமே பயமில்லைம்மா. பளபளன்னு வண்டி வச்சிருக்கவன்தான் இங்க கவுறுவான்."

"ஏன் சார்?" நான்தான் கேட்டேன்.

"கீறல் விழுந்துடுமேன்னு பாறையப் பாத்து ஒதுங்குவான். ஒதுங்கி ஒதுங்கி நேரா பள்ளத்துக்குள்ள போவான்."

அக்கா சிரித்தாள். அவள் சிரித்ததைப் பார்த்து நாளாகிவிட்டது. எனக்கு ஏன் அது பிடிக்கவில்லை?

ஜீப் அத்தானுடையது. ஏதோ வசதிக்காக அக்கா பெயரில் வாங்கியிருந்தார். அவள் அந்த வீட்டைவிட்டுக் கிளம்பிய அன்று எடுத்துக்கொண்டு வந்தது இது ஒன்றைத்தான். துணிமணிகூட எடுக்கவில்லை. நேராக என் வாடகை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

ஞாயிறுதோறும் அத்தான் அதைக் கழுவுவார். இரண்டு வாளித் தண்ணீர், தனித் துணி, சக்கரத்தின் இடுக்குகளுக்குக் காது குடையும் பஞ்சுக் குச்சி. ஆறு வருடங்களில் வண்டியில் ஒரு கீறல் இல்லை.

அக்காவுக்குக் காறை எலும்பு இரண்டு முறை உடைந்திருக்கிறது. இரண்டும் வார நாட்கள். ஞாயிறுகளில் அவருக்கு நேரமிருக்காது.

பிப்ரவரி 10

அக்கா மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். நாள் முழுக்க நோயாளிகளின் மூச்சுக்கு மூன்றே சொற்கள். இழுங்க, புடிங்க, விடுங்க.

நேற்று ஒவ்வொரு ஏற்றத்துக்கு முன்பும் என்னிடம் அதையே சொன்னாள். "இழு. புடி."

விடு என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை. நானாகத்தான் விட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி 16

முன் பம்பர் பிய்ந்து தொங்கியது. இறங்கிப் போய், கால் வைத்து மிதித்து, முழுதாகப் பிடுங்கிப் பின்னால் எறிந்தாள். வலது மட்கார்டு காகிதம்போலக் கசங்கிவிட்டது. வண்டிக்குள் ஒரு மணி நேரம் என்பது யாரோ நம்மைத் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருப்பது. பல் நாக்கைக் கடிக்கிறது. தலை கம்பியில் முட்டுகிறது. திட்டக்கூட வாய் திறக்க முடிவதில்லை.

அக்கா ஒடுக்குகளைத் தடவிப் பார்த்தாள். எக்ஸ்ரே பார்க்கும் அதே முகம். "இது சும்மா வீக்கம். இது முறிவு."

அம்மா போனில்: "ஒருத்தி எலும்ப எண்ணுவா, ஒருத்தி எழுத்த எண்ணுவான்னு பாத்தா, ரெண்டும் லாரி ஓட்டக் கிளம்பிட்டீங்களா? எவன் வீட்டுக்கு லோடு எறக்கப் போறீங்க?"

பிப்ரவரி 19

கல்லூரியில் தர்க்கவியல் வகுப்பு. பெல்ட் அழுத்திய தடம் என் கழுத்தோரம் சிவப்பாகத் தெரிந்திருக்கிறது. வகுப்பு முடிந்து ஒரு மாணவி தயங்கி நின்றாள்.

"மிஸ், யாராவது அடிச்சாங்களா?"

"வண்டிம்மா."

அவள் நம்பவில்லை. நானும் நம்பியிருக்க மாட்டேன். அக்கா 'படிக்கட்டு' என்று சொல்லிக்கொண்டிருந்த நாட்களில் நான் நம்பினேனா?

மார்ச் 2, ஞாயிறு

அத்தான் வந்தார்.

நான் மாடி ஜன்னலில் இருந்து பார்த்தேன். வாசலில் வண்டி நின்றது. முதலில் அவர் அதைக் கடந்து போய்விட்டார், அடையாளம் தெரியவில்லை. பிறகு திரும்பினார். கிட்டே வந்து மட்கார்டில் கை வைத்தார். அந்தக் கை! அவ்வளவு மெதுவாக அது எதையும் தொட்டு நான் பார்த்ததில்லை. உதடு துடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் கீழே ஓடுவதற்குள் அக்கா வாசலுக்கு வந்துவிட்டாள்.

"இது உனக்கு என்னடி பண்ணுச்சு?" என்றார். "வாய் இல்லாத ஜடம். இது என்ன பண்ணுச்சு உனக்கு?"

சாவி அக்கா கையில் இருந்தது. அவர் மணிக்கட்டைப் பிடித்தார். முறுக்கினார். எலும்பு நெரிந்தது என் காதில் விழுந்தது. என் கையில் எப்படி ஜாக்கிக் கம்பி வந்தது என்று தெரியாது, ஓங்கியிருந்தேன். "கைய எடு. மண்ட பொளந்துடும்." அது என் குரல்தானா? அவர் விட்டார். என்னைப் பார்த்து அல்ல, கம்பியைப் பார்த்து.

அக்கா ஏறி உட்கார்ந்தாள். பின் கியர் போட்டாள். "பாத்துட்டே இரு" என்றாள்.

காம்பவுண்டுச் சுவரில் பின்பக்கத்தைக் கொண்டுபோய் மோதினாள். முன்னால் எடுத்தாள். மறுபடி மோதினாள். செங்கல் பொல பொலவென்று கொட்டியது. பின் கண்ணாடி வெடித்தது. அவர் இரண்டு கைகளாலும் தன் தலையை மறைத்துக்கொண்டார். அடி விழுவது தனக்கு என்பதுபோல.

"ஐயோ வேணாம். போதும். நிறுத்து. கால்ல விழறேன், நிறுத்து."

அந்தச் சொற்களை நான் கேட்டிருக்கிறேன். அதே வரிசையில். போனில், வேறொரு குரலில்.

மார்ச் 3

சுவரை ஆள் வைத்துக் கட்டித் தருவதாக வீட்டுக்காரரிடம் ஒப்புக்கொண்டேன். அக்கா சாப்பிடவில்லை. கேட்டதற்கு ஒரே வாக்கியம்: "வண்டித் தகரத்துக்கு அழுதான்டி அவன்."

மார்ச் 9, ஞாயிறு

எழுத வரவில்லை.

வண்டி கவிழ்ந்தது. செம்மண் மேட்டில் குறுக்காக ஏற்றினாள். அப்படி ஏற்றக் கூடாது என்று குவாரியில் எல்லோருக்கும் தெரியும்; அவளுக்கும் தெரியும். வானம் கீழே போனது. தண்ணீர்ப் புட்டி என் மூக்கில் மோதியது. மண். மறுபடி வானம். கூரைக்குள் போட்ட இரும்புக் கூண்டு தாங்கியது. நான் பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தேன், மூக்கிலிருந்து ரத்தம் நெற்றிக்கு ஒழுகியது.

அக்கா தொங்கவில்லை. கூரையில் சுருண்டு கிடந்தாள். அவள் பெல்ட் மேலே காலியாக ஆடிக்கொண்டிருந்தது.

அறுந்துவிட்டது என்று நினைத்தேன். அறவில்லை. போடவே இல்லை.

வண்டியை நிமிர்த்தியபின் தகரம் சார் என்னைத் தனியாக அழைத்துப்போனார். "உங்க அக்கா நல்லா ஓட்டுது. ஆனா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் போய்விட்டார்.

நான் முடிக்கிறேன். அடிபட்டால் பரவாயில்லை என்று ஓட்டுவது ஒன்று. அடிபட வேண்டும் என்று ஓட்டுவது இன்னொன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே புழுதி.

மார்ச் 11

கேட்டேன். "சாகப் பாக்கறியா?"

அறைந்தாள். காதுக்குள் விசில்.

பிறகு தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். யாருடைய கை அது என்று தேடுகிற மாதிரி. நான் கதவைச் சாத்திக்கொண்டேன். அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரல்: "சாகப் பாக்கலடி. மிச்சம் என்ன இருக்குன்னு பாக்கறேன்."

இரண்டும் ஒன்றில்லையா? வகுப்பில் என்றால் கரும்பலகையில் எழுதிப் பிரித்துக் காட்டியிருப்பேன்.

மார்ச் 16

மழை. குவாரி இல்லை. மழைக்கு நன்றி.

மார்ச் 23, ஞாயிறு

படுத்துக்கொண்டே எழுதுகிறேன். ஆழமாக மூச்சு விட முடியவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் எழுத வேண்டும்.

குவாரியின் கடைசியில் ஒரு பாதை உண்டு. முன்பு லாரிகள் போனது, பாதி சரிந்துவிட்டது. இடப்பக்கம் செங்குத்துப் பாறை. வலப்பக்கம் ஒன்றுமில்லை. கீழே பச்சைத் தண்ணீர் தேங்கிய குழி. இன்று அக்கா அதில்தான் போவேன் என்றாள். தகரம் சார் வேண்டாமென்று சொல்லிப் பார்த்தார். கடைசியில், "சரி, நான் முன்னாடி நடந்து வழி காட்டறேன், என் கையப் பாத்து வா" என்றார்.

நான் இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தேன்.

"எறங்கு" என்றாள்.

"மாட்டேன்."

அவள் பெல்ட் போடவில்லை. நான் என்னுடையதைக் கழற்றினேன்.

"போடுடி."

"நீ போடு."

"எறங்குடின்னா!"

"நீ இல்லாம நான் போய் அம்மாகிட்ட என்ன சொல்ல? லோடு எறக்கியாச்சுன்னா?"

"சனியனே" என்றாள். பெல்ட்டை இழுத்துக் குத்தினாள். நானும் போட்டுக்கொண்டேன்.

பாதிவரை போனோம். தகரம் சார் பின்னோக்கி நடந்தபடி கைகளால் அழைத்துக்கொண்டிருந்தார். அப்போது மழையில் ஊறிய விளிம்பு விட்டுக்கொடுத்தது. பின்சக்கரத்தின் கீழ் மண் உதிர்ந்தது. ஜீப் வலப்பக்கம் சாய்ந்தது. மெதுவாக. அதுதான் கொடூரம், அவ்வளவு மெதுவாக. அக்காவின் தோளுக்கு அப்பால் தண்ணீர் மேலேறி வந்தது.

"சுவத்துல சாய்! லெஃப்ட்ல இடி! இடிச்சு உரசிட்டே வா!" தகரம் சார் கத்தினார்.

இடப்பக்கம் திருப்பி, ஒரே மூச்சில் முடுக்கினால் வண்டி பாறையில் போய் ஒட்டிக்கொள்ளும். அதையே பிடிமானமாக வைத்து நகரலாம். ஆனால் பாறையிலிருந்து முழங்கைபோல ஒரு முனை நீட்டிக்கொண்டிருந்தது. சரியாக என் கதவுக்கு நேரே. அக்கா அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஸ்டீரிங்கில் கை உறைந்துவிட்டது.

"அங்க நீ இருக்கடி."

"தெரியும். இடி."

"முடியாது."

மண் இன்னும் கொஞ்சம் போனது.

"அக்கா, நான் சொல்றேன்ல. என் பக்கம் இடி!"

அவள் முகத்தை நான் முழுதாகப் பார்த்தது அப்போதுதான். பயந்திருந்தாள். இத்தனை வாரங்களில் முதல்முறையாகப் பயந்திருந்தாள்.

"இழு" என்றாள். "புடி."

திருப்பினாள்.

கதவு உள்ளே வந்தது. அப்படித்தான் சொல்ல முடியும். கண்ணாடி என் மடியில் கொட்டியது. இரும்பு என் விலாவில் நுழைவதுபோல் அழுத்தி நின்றது. எனக்குள் ஏதோ, சுள்ளி ஒடிகிற சத்தம். அவள் காலை எடுக்கவில்லை. பாறை வண்டியைத் தோலுரித்துக்கொண்டே வந்தது. பெயிண்ட், கைப்பிடி, கண்ணாடிச் சட்டம், எல்லாம். எஞ்சின் அலறியது. நான் அலறினேனா? மூச்சைப் பிடித்திருந்தேன், அலறியிருக்க முடியாது.

சக்கரங்கள் கெட்டி நிலத்தைத் தொட்டன.

"விடு!" அக்கா கத்தினாள். "விடுடி. மூச்ச விடு. விடு விடு விடு..."

விட்டேன். கத்தி வைத்துக் கிழித்த மாதிரி வந்தது.

என் கதவு திறக்கவில்லை. அவள் பக்கமாகத்தான் இழுத்து எடுத்தார்கள்.

மார்ச் 25

நேற்று முன்தினம் குவாரியிலிருந்து நேராக மருத்துவமனை. வேறொருவர் பணியில் இருந்தார், அக்கா விடவில்லை. தானே நிறுத்தி, தானே எடுத்தாள். இடது பக்கம், இரண்டு விலா எலும்புகள். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இத நான் பண்ணேன்."

"நான் கேட்டேன். நீ பண்ண."

"அவனும் அப்படித்தான் சொல்வான். நீதான கேட்டு வாங்கினன்னு."

இரண்டு நாட்களாக அதைத்தான் யோசித்துக்கொண்டு கிடக்கிறேன். இன்று கஞ்சி கொண்டுவந்தபோது கேட்டேன்.

"உன் எக்ஸ்ரேய அவர் எப்பவாவது பாத்திருக்காரா?"

கொஞ்சம் யோசித்தாள். "இல்ல. கவரப் பிரிச்சதே இல்ல."

"நீ பாத்துட்டே நின்ன" என்றேன். கிண்ணத்தை வைத்துவிட்டு, கட்டிலருகே தரையில் உட்கார்ந்து அழுதாள். சத்தமாக, அசிங்கமாக, மூக்கைச் சிந்திச் சிந்தி. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் விலா கொல்கிறது. "சிரிக்காதடி, நான் அழறேன்" என்றாள். மேலும் கொன்றது.

ஏப்ரல் 2

சிரிக்காமல் இருமலாம். இருமாமல் சிரிக்க முடியவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

டிங்கரிங் கடைக்குப் போய் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தோம். கடைக்காரர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து உச்சுக் கொட்டினார். எல்லா ஒடுக்குகளையும் தட்டி, பட்டி பூசி, பெயிண்ட் அடித்துப் புதுசாக்கியிருக்கலாமே என்று ரொம்பக் குறை.

"வேணாண்ணா" என்றாள் அக்கா. "இன்னும் ஓட்டத்தான போறேன். விழற அடி விழட்டும். நான் சொன்ன அந்த ஒரு கதவு?"

"அதத் தட்டி நேராக்கவே முடியலம்மா. கீலும் பூட்டும் மாத்தியிருக்கேன். பாக்க அப்படியேதான் இருக்கும்."

"பாக்க எப்படி வேணா இருக்கட்டும். உள்ள இருக்கவ எறங்கணும்னு நெனச்சா எறங்க முடியணும். அவ்வளவுதான்."

அவர் என்னைப் பார்த்தார். "ஒரு தடவ திறந்து மூடிப் பாருங்க."

உள்ளே உட்கார்ந்து கைப்பிடியை இழுத்தேன். திறந்தது. வெளியே கால் வைத்து ஒரு நிமிடம் நின்றேன். கதவில் அந்த முழங்கைக் குழி அப்படியே இருந்தது. என் விலா சரியாகப் பொருந்தும் அளவுக்கு.

அக்கா பெல்ட் போட்டுக்கொண்டு காத்திருந்தாள். அவசரப்படுத்தவில்லை.

ஏறினேன். கதவைச் சாத்தினேன்.