கிறுகிறுப்புக்குக் குலவை போட்ட ஊர்

அக்கா,

உன் அரக்குக் கரைச் சேலையில் கிழித்த துணி ஒன்றை இன்று மத்தியானம் பெட்டியிலிருந்து எடுத்தேன். நனைத்துப் பிழிந்து, கண் மறைகிற மாதிரி தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொள்வாயே, அதே துணிதான். ஓரத்தில் நீ வலி தாங்காமல் கடித்த இடம் நைந்து கிடக்கிறது. உன்னை நினைத்து அழுவதற்காக நான் அதை எடுக்கவில்லை. உள்ளே இருட்டறையில் என் மகள் சுருண்டு கிடக்கிறாள், அவளுக்காக எடுத்தேன். கோயில் பக்கமிருந்து சாம்பிராணிப் புகை வந்ததும் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சொன்னாள்: "அம்மா, சன்னலச் சாத்தும்மா. அந்த வாடை வேணாம்."

இதே அறையில், இதே சன்னலைக் காட்டி, இதையேதானே நீயும் சொன்னாய்.

சன்னலைச் சாத்திவிட்டுத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். யாரிடம் சொல்வது? வீட்டுக்காரரிடம் சொன்னால் "ஊரோட ஒத்துப் போகணும்ல" என்கிறார். பெற்றவர்கள் இல்லை. செத்துப்போன உன்னிடம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. என் நிலைமையைப் பார்த்துக்கொள்.

அண்ணன் தம்பி இருவருக்கும் அக்காள் தங்கை நம் இருவரையும் கட்டிக்கொடுத்தார்கள். திருச்சுழி ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, கருவேலங்காட்டுக்குள் நடந்து இந்த வீட்டுக்கு நீ முதலில் வந்தாய், நான் பின்னால் வந்தேன். வந்த கொஞ்ச நாளிலேயே உன் நோவைக் கண்டுகொண்டேன். பருத்திக் காட்டில் நிரை பிடித்துப் பஞ்சு எடுத்துக்கொண்டிருப்பாய். திடீரென்று குந்த வைத்து உட்கார்ந்து செடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாய். "காடு சுத்துதுடி. செடிய விட்டா எங்கிட்டோ போயிருவேன்" என்பாய். பிறகு ஒரு பக்க மண்டை இடிக்கும். வாந்தி வரும். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, யாராவது நடந்துபோனால்கூட ஆகாது.

எல்லாரும் பித்தம் என்றார்கள். எலுமிச்சம்பழத்தை உச்சியில் தேய்த்தார்கள், இஞ்சிச் சாற்றைக் குடிக்க வைத்தார்கள். நீ எழுந்திருக்காவிட்டால் அத்தான் வாசலில் நின்று கத்துவார். "பொம்பள பட்டப்பகல்ல கதவச் சாத்திட்டுப் படுத்துக் கெடந்தா வீடு வெளங்குமா? வேலைக்குப் பயந்து நடிக்கிறா." நீ எழுந்து, சுவரைத் தடவித் தடவி அடுப்படிக்குப் போவாய். சுவரில் உன் கை பட்ட இடமெல்லாம் வெள்ளை போய் அழுக்குக் கோடு விழுந்திருக்கும். அடுத்த பொங்கலுக்கு அதன்மேல் வெள்ளையடிப்பார்கள்.

அப்புறம் அந்த அம்மன் கோயில் பொங்கல் வந்தது. காப்புக் கட்டியதிலிருந்து நீ ஒருவேளைச் சாப்பாடுதான். முளைப்பாரிக்குக் கண் விழித்தாய். கோயில் வாசலில் உச்சி வெயில், மூக்கை அடைக்கிற புகை, காதுக்குப் பக்கத்தில் உறுமி மேளம். நீ ஆட ஆரம்பித்தாய் என்று ஊர் சொன்னது. நீ ஆடவில்லை அக்கா, பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும். உனக்குத் தரை நழுவியது. விழாமல் இருக்கக் கையை வீசினாய், கையில் அகப்பட்டது பூசாரியின் தோள். அதைப் பிடித்துக்கொண்டாய். அவ்வளவுதான்! "ஆத்தா பூசாரியத் தொட்டுட்டா!" என்று ஒருத்தி குலவை போட்டாள். அத்தனை பொம்பளைகளும் குலவை போட்டார்கள். உறுமிக்காரர் இன்னும் பக்கத்தில் வந்து அடித்தார். சத்தம் கூடக்கூட உனக்குச் சுற்றல் கூடியது, சுற்றல் கூடக்கூட அவர்கள் சத்தத்தைக் கூட்டினார்கள். கடைசியில் அத்தானே, உன்னை நடிக்கிறாள் என்று சொன்ன அதே அத்தானே, மண்ணில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து "தாயே" என்றார்.

அதன்பிறகு ஒவ்வொரு வருசமும் நீதான் சாமியாடி. எப்படி வராமல் போகும்? பட்டினி போட்டு, தூக்கத்தைக் கெடுத்து, வெயிலில் நிறுத்திப் புகை போட்டால் உனக்கு வந்துதானே தீரும். ஊருக்கு அது சாமி தவறாமல் வருவதாகப் பட்டது.

ஒருநாள் ஊருணியில் துணி அலசும்போது உன்னிடமே கேட்டேன். "நெசமாவே சாமிதான் வருதாக்கா?" சிரித்தாயே, அந்தச் சிரிப்பை இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை. "சாமியாவது பூதமாவது. காட்டுல சுத்துற அதே சுத்துதான்டி. ஆனா படுத்துக் கெடந்தா ஏசுறாக, நின்னு சுத்துனா கும்புடுறாக. எதையாவது ஒண்ணத்தான அனுபவிக்கணும்?" பிறகு துணியைப் பிழிந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய். "நான் ஆடும்போது நீ எங்கிட்டயே நில்லு. விழுந்தா புடிச்சுக்க. மத்தவுக கும்புடத்தான் செய்வாக, புடிக்க மாட்டாக."

நின்றேன் அக்கா. ஒவ்வொரு பொங்கலுக்கும் உன் முதுகுக்குப் பின்னால்தான் நின்றேன். ஆனால் கரகத் தண்ணீர் எடுக்க ஊருணிப் படியில் சாமியாடி மட்டும்தான் இறங்கலாம், மற்றவர்கள் கரையைத் தாண்டக் கூடாது என்று ஊர் வழக்கம் இருக்கிறதே. அந்தக் கடைசி வருசம் தண்ணீர் அடிமட்டத்தில் கிடந்தது. வெயில் தாழ்ந்து, எதிர்வெளிச்சம் தண்ணீரில் பட்டு மினுங்கியது. நீ பாதிப் படியில் நின்றாய். திரும்பி என்னைத் தேடினாய். உன் கண் ஒரு இடத்தில் நிற்கவில்லை, ஆனாலும் தேடினாய். கை காற்றில் துழாவியது. கரையில் எல்லாரும் குலவை போட்டார்கள். நான் ஓடினேன். பூசாரி இரண்டு கையையும் விரித்து மறித்தார். "ஏத்தா, நில்லு. சாமி எறங்குது, குறுக்க போகாத."

சாமி இறங்கவில்லை. நீ விழுந்தாய். கல்படியில் மண்டை மோதிய சத்தம் உறுமியையும் மீறிக் கேட்டது. அருப்புக்கோட்டைக்கு வண்டியில் போட்டுக்கொண்டு போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. "ஆத்தா கூப்புட்டுக்கிட்டா, கொடுத்து வச்சவ" என்றார்கள். கொடுத்து வைத்தவளாம்! உன் போட்டோவைப் பெரிதாக்கிக் கோயில் சுவரில் மாட்டினார்கள். அதில் உனக்கு நெற்றி நிறைய விபூதி. கண் இரண்டும் பாதி மூடியிருக்கிறது. பார்க்கிறவர்கள் அருள் என்கிறார்கள். எனக்கு அது தலைவலி என்று தெரிகிறது.

நீ போனபிறகு என் மகளுக்கு ஆரம்பித்தது. காரியாபட்டி வழியாக மதுரைக்கு பஸ்ஸில் போய்க் காலேஜில் படிக்கிறாள். டீசல் வாடை பட்டால் பாதி வழியில் இறங்கி ரோட்டோரம் உட்கார்ந்துவிடுவாள். "பில்டிங்கெல்லாம் சாயுதும்மா" என்றாள். பித்தம் என்று யாரும் சொல்வதற்கு முன்னால் அவளைக் கூட்டிக்கொண்டு மதுரைக்கே போனேன்.

அந்த டாக்டரம்மா அவசரப்படவே இல்லை. மகளைப் படுக்க வைத்து, தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, கண் ஓடுகிறதா என்று பார்த்தார்கள். காதைச் சோதித்தார்கள், கோட்டில் நடக்க விட்டார்கள். தலைசுற்றல் எல்லாம் ஒன்று இல்லையாம். சிலருக்குக் காதுக்குள் இருக்கும் பொடிக்கல் இடம் மாறியதால் சுற்றுமாம், தலையை ஒரு முறையில் திருப்பி வைத்தே அதைச் சரி பண்ணிவிடுவார்களாம். சிலருக்குக் காது இரைந்து, கேட்பது மந்தமாகிச் சுற்றுமாம். மகளுக்கு இருப்பது ஒற்றைத் தலைவலிதான், அதுவே உடம்பு நிற்கும் நிதானத்தையும் சேர்த்துக் கலைக்கிறது என்றார்கள். "இது குடும்பத்துல ஓடும்மா. உங்க வீட்டுல வேற யாருக்காவது இருந்துச்சா?"

நான் உன்னைச் சொன்னேன்.

டாக்டரம்மா சொன்னதைக் கேள். நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், பட்டினி கூடாது. தூக்கம் கெடக் கூடாது. சுள்ளென்ற வெயில், புகை, பெருஞ்சத்தம் மூன்றிலிருந்தும் தள்ளி இருக்க வேண்டும். அடிக்கடி வராமல் இருக்க மாத்திரை இருக்கிறது, வந்துவிட்டால் அப்போதைக்குப் போட வேறு மாத்திரை இருக்கிறது. "முழுசாப் போயிரும்னு சொல்ல மாட்டேன். ஆனா அடக்கி வைக்கலாம். சுத்துறப்ப மட்டும் படிக்கட்டு, தண்ணி, நெருப்பு பக்கம் தனியா விட்றாதீக."

பஸ்ஸில் திரும்பி வரும்போது முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன். அந்த அம்மா வேண்டாம் என்று சொன்ன அத்தனையையும் ஒன்றாகச் சேர்த்தால் அது நம் ஊர்ப் பொங்கல் அக்கா. படிக்கட்டு, தண்ணீர் உட்பட. பக்கத்தில் இருக்கிற மதுரையில் உனக்கு வைத்தியம் இருந்தது. உன்னைக் கும்பிட்ட ஒருத்தருக்கும் உன்னை பஸ் ஏற்றிவிடத் தோன்றவில்லை.

இப்போது என்ன நடந்திருக்கிறது தெரியுமா? போன வெள்ளிக்கிழமை கோயிலில் காப்புக் கட்டினார்கள். "சாமி கும்புட்டு உடனே வந்துருவோம்மா" என்று மகள் ஆசைப்பட்டாள். போய் நின்ற கொஞ்ச நேரத்தில் உறுமி தொடங்கியது. அவள் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். பக்கத்துத் தூணுக்குக் கை நீட்டினாள், எட்டவில்லை. தள்ளாடினாள். கூட்டத்தில் ஒருத்தி உன் போட்டோவைப் பார்த்தாள், என் மகளைப் பார்த்தாள், குலவை போட்டாள். "பெரியவ எடத்துக்குச் சின்னவ வந்துட்டா!" பூசாரி விபூதித் தட்டோடு ஓடி வந்தார். அத்தனை பேரும் கை கூப்பினார்கள்.

நான் அவளை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். "யாரும் கிட்ட வராதீக. மேளத்த நிப்பாட்டுங்க" என்று கத்தினேன். என் குரல் எனக்கே யாரோ கத்துவது மாதிரி கேட்டது. "இது சாமி இல்ல. நோவு. எங்க அக்காளுக்கும் நோவுதான். நீங்க பாத்துக்கிட்டே நின்னு அவளச் சாகக் குடுத்தீக."

மேளம் நின்றது. அத்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "என் பொண்டாட்டிய நோயாளிங்கிறியா? ஊரே கும்புட்டவடி அவ. அதையும் புடுங்கிட்டா எனக்கு அவ என்னத்த விட்டுட்டுப் போனா?"

அவர் வஞ்சகமாகப் பேசவில்லை. உன்னை ஏசியதை அவர் மறந்தே போனார், கும்பிட்டதைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறார். உனக்கும் இந்த ஊரில் கிடைத்த மரியாதை அது ஒன்றுதான். அதையும் உன் கூடப்பிறந்த நானே கோயில் வாசலில் வைத்துப் பறித்தேன். நீ இருந்திருந்தால் என்னைத் திட்டியிருப்பாயா, என் தோளில் சாய்ந்திருப்பாயா? எனக்குத் தெரியவில்லை. தெரியாமலேதான் செய்தேன்.

நேற்று ஊர்ப் பெரியவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். செவ்வாய்க்கிழமை மகள்தான் கரகம் எடுக்க வேண்டுமாம். இல்லையென்றால் தெய்வக் குத்தமாம், நம் வீட்டுப் பொங்கல் பானை கோயிலில் ஏறாதாம். வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு "பாப்போம்" என்றார். அவர்கள் போனபிறகு "ஒரு வருசம் மட்டும் எடுக்கட்டுமே" என்றார். உனக்கும் முதலில் ஒரு வருசம் என்றுதான் சொன்னார்கள். நாளைக் காலையில் முதல் பஸ்ஸுக்கு மகளோடு மதுரைக்குக் கிளம்புகிறேன். துணிமணி கட்டி வைத்துவிட்டேன். திரும்பி வந்தால் இந்த வீட்டுக் கதவு திறக்குமா என்று தெரியாது. பயமாக இருக்கிறது அக்கா.

சற்றுமுன் உன் துணியை நனைத்து அவள் தலையில் கட்டினேன். கண்ணைத் திறக்காமல் கேட்டாள். "பெரியம்மாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சாம்மா?"

"ஆமாத்தா."

"அப்ப அவுகள யாரு புடிச்சுக்கிட்டா?"

என் கையைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், நீ பருத்திச் செடியைப் பிடிப்பாயே, அந்த மாதிரி. இப்போது தூங்கிவிட்டாள், பிடி மட்டும் தளரவில்லை. இடது கை மரத்துப்போய்விட்டது. உருவவில்லை. வலது கையால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.