மன்னிப்புக் கடிதம் கிடையாது

ஏப்ரல் 8

அன்புள்ள டிரைவர் சாருக்கு,

நான் நலம். பாப்பாவுக்குத் தினமும் தலை பின்னிவிடுகிறீர்களா, இல்லை ரப்பர் பேண்டை மாட்டிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடுகிறீர்களா? போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே உங்களுக்குச் சிக்னல் போய்விடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே வேலை கொடுத்துவிட்டார்கள், ஆனால் ஊசியைத் தொடக்கூடாது. என் நர்ஸ் பதிவு இந்த மாநிலத்துக்கு மாறும்வரை நான் வெறும் உதவியாளர். படுக்கை விரிக்கிறேன், பெட்பேன் எடுக்கிறேன். அதில் ஒரு கேவலமும் இல்லை. ஆனால் நேற்று ஒரு பெரியவருக்கு டிரிப் நரம்பை விட்டு வெளியே இறங்கிக் கை வீங்கிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே இருந்தும் அதைக் கழற்ற எனக்கு உரிமையில்லை. வேறு நர்ஸைக் கூப்பிட ஓடினேன்.

பதிவை மாற்ற, பழைய ஆஸ்பத்திரியின் நன்னடத்தைச் சான்று வேண்டும் என்கிறது நம் மாநில நர்ஸிங் கவுன்சில். மேட்ரனிடம் நீங்கள்தான் போய் வாங்க வேண்டும். மன்னிப்புக் கடிதம் கேட்பார். கிடையாது என்று சொல்லிவிடுங்கள். கத்தரி மழுங்கியிருக்கிறது என்று ஆபரேஷன் தியேட்டரில் சர்ஜன் ட்ரேயைத் தூக்கி அந்தச் சின்ன நர்ஸ்மேல் எறிந்தார். "நீங்களே பொறுக்குங்க சார்" என்றேன். அத்தனை பேர் முன்னால் அவரும் குனிந்து பொறுக்கினார். அதற்குத்தான் என் வேலை போனது. இதில் நான் எதற்கு மன்னிப்புக் கேட்பது?

உங்கள்
சண்டைக்கோழி


ஏப்ரல் 29

என் சண்டைக்கோழிக்கு,

பின்னல்தான் போடுகிறேன். ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே. பாப்பா சிரித்துக்கொண்டேதான் போகிறாள்.

மேட்ரன் என்னை நாயாக அலையவிட்டார். லோடு இறக்கிய கையோடு போனால் மீட்டிங் என்பார், குளித்துவிட்டுப் போனால் லீவு என்பார். கடைசியில், "ரெண்டே ரெண்டு வரி எழுதிக் குடுக்கச் சொல்லுங்க, இப்பவே கையெழுத்துப் போடறேன்" என்றார். ஒரு வழியாகக் காரியத்தை முடித்துவிட்டேன். சான்று இத்துடன் இருக்கிறது. எப்படி வாங்கினேன் என்று குடையாதே. சீக்கிரம் அனுப்பு. நீ பெட்பேன் தூக்குவதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்புடன்
உன் டிரைவர்


மே 6

டிரைவர் சாருக்கு,

குடைய வேண்டிய அவசியமே இல்லை. "அவர் எழுதித் தந்த மன்னிப்புக் கடிதத்தை ஏற்று" என்று சான்றின் முதல் வரியிலேயே போட்டிருக்கிறார்கள். இதைப் படித்துப் பார்க்காமலே உறையில் போட்டு ஒட்டினீர்களா?

எனக்கு நைட் டியூட்டி வரும்போதெல்லாம் பாப்பாவின் ரேங்க் கார்டில் என் கையெழுத்தை நீங்களே போடுவீர்கள். நானும் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டேன். அந்தத் துணிச்சல்தானே இது? சர்ஜன் செய்ததைவிட இதுதான் எனக்கு வலிக்கிறது. அவர் யாரோ. நீங்கள் யாரோ இல்லை.

சான்றை மேட்ரனுக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். அந்த மன்னிப்பு என்னுடையது அல்ல என்றும் எழுதிவிட்டேன். யார் எழுதியது என்று சொல்லவில்லை. காலம் முழுக்கப் படுக்கை விரித்தாலும் பரவாயில்லை, அந்தக் காகிதத்தை வைத்து நர்ஸாக மாட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். "நான் செய்தது தவறு" என்றுதானே என் பெயரில் எழுதியிருப்பீர்கள், உங்கள் மனதிலும் அதுதானா? இதற்குப் பதில் எழுதுங்கள். இல்லையென்றால் ஒன்றும் எழுத வேண்டாம்.

பாப்பாவுக்கு முத்தம்.


மே 20

அன்புள்ளவளுக்கு,

இல்லை. ஒரு நாளும் இல்லை. நீ கஷ்டப்படுகிறாய் என்பது மட்டும்தான் கண்ணில் தெரிந்தது. புத்தி கெட்டுப் போய்ச் செய்துவிட்டேன்.

நேற்று நேராக மேட்ரன் அறைக்குப் போனேன். "அதை எழுதினது நாந்தாங்க. அவ மன்னிப்புக் கேக்கல, கேக்கவும் மாட்டா" என்றேன். போலீசைக் கூப்பிடுவேன் என்று கத்தினார். கூப்பிடுங்க என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கூப்பிடவில்லை. போலீஸ் வந்தால் ட்ரே கதையும் வெளியே வரும் அல்லவா? "உங்க பொண்டாட்டிக்கு ரொம்பத் திமிரு" என்றார். "ஆமாங்க மேடம், எங்க வீட்ல இருக்கிற ஒரே சொத்து அதுதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

கேட் வரைக்கும் அந்தச் சின்ன நர்ஸ் பின்னாலேயே ஓடி வந்தாள். நடந்ததை நடந்தபடி எழுதி, தன் பதிவு எண்ணோடு கையெழுத்துப் போட்டுக் கவுன்சிலுக்கே கொடுக்கிறாளாம். "வேலை போயிடும்மா" என்றேன். "அக்கா போன அன்னைக்கே நான் பேசியிருக்கணும்ண்ணா" என்றாள். இன்று காலை இன்னும் இரண்டு நர்ஸ்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நால்வருமாகக் கவுன்சிலுக்குப் போனோம். ஆஸ்பத்திரி சான்று இல்லாமல், கூட வேலை பார்த்தவர்கள் பேச்சை வைத்து முடிவெடுக்க மாதங்கள் ஆகுமாம், மாற்றாமலும் போகலாமாம். எது நடந்தாலும் நீ ஒரு வரிகூட எழுதித் தராதே.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறப்பதற்குள் பாப்பாவோடு நான் அங்கே வந்துவிடுகிறேன். என் லாரி லைசென்ஸ் எல்லா மாநிலத்திலும் செல்லும். உன் பதிவு எண் வரும்வரை வீட்டுச் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு வீடு பார்த்து வை.

இப்படிக்கு
உன் டிரைவர்